டீசல் என்றொரு மனிதர்

ஒரு பொருளின் பெயர் அதனோடு இயைபுடைய வேறொரு பொருளுக்கு ஆகி வழங்குவதை ஆகுபெயர் என்பர் நம் இலக்கண ஆசிரியர். செய்தவன் பெயர் செய்யப்பட்டதற்கு ஆவது கருத்தாவாகுபெயர். வள்ளுவரைக் கற்றேன் என்று ஒரு மாணவன் சொல்லுமிடத்து, அவன் கற்றது வள்ளுவர் செய்த நூலையே என்று நாம் அறிகின்றோம். அவ்வாறு ஆகிய பெயர் மீண்டும் வேறொன்றுக்கு ஆகுமாயின் அது இருமடியாகுபெயர் எனப்படும். இவ்விலக்கணத்தைக் கற்பிக்கும்போது, உரையாசிரியர்கள் காட்டிய பழைய உதாரணங்களோடு புதியதொன்றையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. அது டீசல் என்னுஞ் சொல்.

எரிபொருள் நிரப்பு நிலையத்தில் நாள்தோறும் ஒலிக்கும் அச்சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்பதை மாணவருட் பலர் அறியார். அவர் பெயர் முதலில் அவர் செய்த இயந்திரத்துக்கு ஆயிற்று. பின்னர் அவ்வியந்திரம் குடிக்கும் எண்ணெய்க்கு ஆயிற்று. பெயர் இருமுறை இடம்பெயர்ந்ததனால் மனிதர் மறைந்துபோனார். உலகத்துக் கப்பல்களையும் புகையிரதங்களையும் மின்னிலையங்களையும் இயக்கிய அவருடைய இயந்திரம், உண்மையில் அவற்றுக்காக நினைக்கப்பட்டதன்று. சிறிய பட்டறையில் தனியே இருந்து உழைக்கும் எளிய தொழிலாளிக்காகவே அவர் அதனை நினைத்தார். நினைத்தவனுக்கும் நினைக்கப்பட்டதற்கும் இடையே விளைந்த இப்பிரிவே ருடோல்ப் டீசலின் வாழ்க்கை. அதனை ஆறுதலாக எண்ணிப்பார்ப்பது நமக்கும் பயன்தரும் என்று கருதுகின்றேன்.

டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆந் திகதி பாரிஸ் நகரிலே பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியர். தந்தையார் தியோடோர், புத்தகங் கட்டுதலைக் குலத்தொழிலாகக் கொண்டவர்; பாரிஸிலே தோற்பொருள்கள் செய்து விற்று வந்தார். வீடே பட்டறை, பட்டறையே வீடு. கைத்தொழிலாளியின் வருமானம் எவ்வளவு நிலையற்றது என்பதைச் சிறுவன் ருடோல்ப் எந்த நூலையும் படியாமலே அறிந்துகொண்டான். ஓய்வு கிடைக்கும் வேளைகளில் நகரத்துத் தொழிற்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்று, 18ஆம் நூற்றாண்டிலே கூனியோ என்பவர் செய்த நீராவி வண்டியையும் பிற பொறிகளையும் பார்த்து வரைந்துகொண்டிருப்பானாம்.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. பாரிஸிலிருந்த ஜேர்மனியர் வெளியேற வேண்டியவராயினர். டீசல் குடும்பம் கையில் எடுத்தவற்றோடு இலண்டனுக்குப் பெயர்ந்தது. அங்கே பிழைப்பது அரிதாயிற்று. பன்னிரண்டு வயதுப் பாலகனைத் தந்தையாரின் ஊராகிய அவுக்ஸ்புர்க்குக்கு அனுப்பி வைத்தனர். அங்கே உறவினரான பார்னிக்கல் என்பவர் தொழிற்பாடசாலையில் கணிதம் கற்பித்து வந்தார். அவர் வீட்டிலே வளர்ந்து, அவர் பாடசாலையிலே பயின்றான் ருடோல்ப். போரினாற் பெயர்க்கப்பட்டு, பெற்றோரைப் பிரிந்து, உறவினர் வீட்டிலிருந்து கற்ற பிள்ளைகளை நம் ஊரும் கண்டிருக்கின்றது. அத்தகைய பிள்ளைகளுள் சிலரிடத்துப் படிப்பொன்றே பற்றுக்கோடென்னும் பிடிவாதம் தோன்றுவதை நானும் ஆசிரியனாய்க் கண்டிருக்கின்றேன். பதினான்கு வயதிலேயே, தான் பொறியியலாளனாகப் போவதாகப் பெற்றோருக்கு எழுதிவிட்டான் அச்சிறுவன். வகுப்பில் எப்பொழுதும் முதல்வனாக நின்றான். 1875இல் புலமைப்பரிசில் பெற்று மியூனிக் தொழில்நுட்ப உயர்கல்லூரியிற் சேர்ந்தான்.

அக்கல்லூரியில் காள் லிண்டே என்னும் பேராசிரியர் வெப்பவியல் கற்பித்தார். குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கிப் புகழ்பெற்றவர் அவர். 1878ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் ஆற்றிய விரிவுரை டீசலின் வாழ்நாளை நிர்ணயித்தது. நீராவி இயந்திரத்திலே எரிக்கும் கரியின் வெப்பத்தில் நூற்றில் ஆறு முதல் பத்துப் பங்கு மாத்திரமே வேலையாக மாறுகின்றது. எஞ்சியதெல்லாம் வீண் என்று பேராசிரியர் விளக்கினார். பிரெஞ்சு அறிஞர் கார்னோ 1824இல் காட்டிய இலட்சிய இயந்திரமோ இதனினும் பன்மடங்கு வேலை தரவல்லது என்றும் கூறினார். இவ்விலட்சியத்தை நடைமுறைக்குக் கொண்டுவர இயலுமா என்று ஆராய்க எனத் தமக்குத் தாமே ஒரு குறிப்பைக் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார் இருபது வயது மாணவர். அக்குறிப்புக்கு விடை காண அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

சோதனைக் காலத்திலே நெருப்புக்காய்ச்சல் கண்டமையால் பரீட்சை பிற்பட்டது. இடைக்காலத்தில் சுவிற்சர்லாந்திலுள்ள சுல்சர் சகோதரர் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். 1880 ஜனவரியில் உயர்ந்த சித்தியோடு கல்லூரியை விட்டு, பாரிஸிலே லிண்டேயின் பனிக்கட்டி ஆலையில் அமர்ந்தார். ஓராண்டிலே அதன் பொறுப்பாளருமானார். 1883இல் மார்த்தா என்னும் அம்மையாரை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். பகலிலே பனிக்கட்டி செய்வித்தவர் இரவிலே நெருப்பைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியை வைத்துப் பல்லாண்டு பரிசோதித்து அம்முயற்சியைக் கைவிட்டார். 1890இல் பேர்லினுக்குப் பெயர்ந்த பின்னரே உரிய வழி அவருக்குப் புலனாயிற்று.

அவ்வழி யாதெனில், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை நாம் அறிவோம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். உருளையொன்றினுள் உலக்கைபோல ஏறியிறங்கும் முசலத்தினால், முப்பது நாற்பது வளிமண்டல அமுக்கம் உண்டாகும்வரை காற்றை நெருக்கினால், அது எண்ணெயைப் பற்றவைக்கும் வெப்பநிலையை அடைந்துவிடும். அந்நிலையில் எண்ணெயைத் துளித்துளியாக உள்ளே செலுத்தினால் தானே தீப்பற்றி எரியும். எரியும் வாயு விரிந்து முசலத்தைத் தள்ளும். தீப்பொறி வேண்டியதில்லை, கொதிகலம் வேண்டியதில்லை, நீரும் கரியும் வேண்டியதில்லை. மற்றை இயந்திரங்களில் எண்ணெயும் காற்றும் முன்னரே கலக்கப்படுவதனால் மிக நெருக்க இயலாது. காலத்துக்கு முன்னரே வெடித்துவிடும். டீசல் காற்றை மாத்திரம் நெருக்கினார். எண்ணெயைக் கடைசியிற் செலுத்தினார். இவ்வளவே அதன் சூட்சுமம்.

இக்கருத்துக்கு 1892 பெப்ரவரி 27இல் ஆக்கவுரிமை வேண்டி விண்ணப்பித்தார். மறு ஆண்டு அது கிடைத்தது. அவ்வாண்டிலேயே தம் கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். அந்நூல் வெறும் இயந்திர நூலன்று. நீராவி இயந்திரம் பெரியதாயிருந்தாலன்றி இலாபந் தராது. ஆதலின் பெருமுதல் உடையவனே அதனை வைத்திருக்க முடியும். சிறு பட்டறைகள் அழிந்து, தொழிலாளர் தம் வீட்டையும் ஊரையும் விட்டு ஆலைவாசலில் நிற்க நேர்ந்தது இதனாலேயே என்பது டீசலின் கருத்து. சிறிதாயும் மலிவாயும் எங்கும் வைக்கத்தக்கதாயும் ஓர் இயந்திரம் கிடைத்துவிட்டால், நெசவாளனும் தச்சனும் அச்சுத்தொழிலாளியும் தத்தம் இடத்திலிருந்தே ஆலையோடு போட்டியிடலாம் என்று அவர் நம்பினார். தோற்பட்டறையிலே பிறந்த பிள்ளையின் நம்பிக்கை அது.

எண்ணுவது எளிது; இரும்பிலே அதனை வடிப்பது அரிது. அவுக்ஸ்புர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்றிக் பூஸ் முதலில் மறுத்துப் பின்னர் உடன்பட்டார். எசன் நகரத்துக் குரூப் நிறுவனமும் செலவிற் பங்கேற்றது. மூன்று மீற்றர் உயரமான முதற் பொறி அமைக்கப்பட்டது. 1893 ஆகஸ்ட் 10ஆந் திகதி முதன்முறையாக எண்ணெய் செலுத்தியபோது இடிபோன்ற ஓசையெழுந்து, அமுக்கத்தை அளக்கும் கருவி உடைந்து பறந்தது. அருகில் நின்றோர் உயிர் தப்பியது தெய்வச் செயல். இயந்திரம் ஓடவில்லை, ஆயினும் நெருக்கிய காற்றிலே எண்ணெய் தானே பற்றும் என்பது உறுதியாயிற்று. டீசல் அதனைத் தோல்வியாகக் கொள்ளவில்லை.

1894 பெப்ரவரி 17இல் இயந்திரம் முதன்முதலாகத் தன் வலியாலே ஓடியது. நிமிடத்துக்கு 88 சுற்று வீதம், ஏறத்தாழ ஒரு நிமிடநேரம். அதுவரை தொழிற்சாலையின் வாரொன்று இயந்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. திடீரென இயந்திரமே வாரை இழுப்பதைக் கண்ட உதவியாளர் ஒருவர், யாதும் பேசாது தம் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு வணக்கஞ் செய்தாராம். அவரது வாழ்க்கையிற் கிடைத்த மரியாதைகளுள் இதுவே மிகத் தூயது என்று எனக்குத் தோன்றுகின்றது. அப்பொழுது விற்பதற்கோ வாங்குவதற்கோ ஒன்றுமில்லை. வேலை தெரிந்த ஒருவர் வேலை தெரிந்த மற்றொருவரை அறிந்துகொண்டார்.

அதன்பின்னும் மூன்று ஆண்டுகள் உழைத்தார். 1897 பெப்ரவரி 17இல் மியூனிக் பேராசிரியர் மோறிற்ஸ் சுரோட்டர் இயந்திரத்தை முறைப்படி சோதித்தார். ஏறத்தாழ இருபது பரிவலு உள்ள அவ்வியந்திரம், ஒரு பரிவலுவுக்கு ஒரு மணிநேரத்தில் 238 கிராம் மண்ணெண்ணெயையே உட்கொண்டது. அதன் வினைத்திறன் நூற்றுக்கு 26.2. அக்காலத்து நீராவி இயந்திரங்களுட் பெரும்பாலானவை நூற்றிற் பத்துப் பங்கைத் தானும் வேலையாக மாற்றவில்லை என்பதை நினைத்தால் இவ்வெண்ணின் பெருமை விளங்கும். கொப்பியின் ஓரத்துக் குறிப்புக்கு விடை கிடைத்துவிட்டது.

உடனே பொன்மாரி பொழிந்தது. அமெரிக்காவிலே பியர் வடிசாலை வைத்துப் பெருஞ்செல்வரான அடோல்பஸ் புஷ், அந்நாட்டு உரிமைக்குப் பத்து இலட்சம் மார்க் கொடுத்தார். பல நாட்டு நிறுவனங்களும் உரிமை வாங்கின. முதலில் விலைப்பட்ட இயந்திரம் 1898இல் கெம்ப்டன் என்னும் ஊரிலுள்ள தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போயிற்று. தீக்குச்சி வேண்டாத இயந்திரம் தீக்குச்சி செய்யும் இடத்துக்குப் போனது நகைச்சுவையே. ஆனால் அங்கே சென்ற இயந்திரம் சிரிக்கவிடவில்லை, ஓயாது திருத்தவேண்டியிருந்தது. பரிசோதனைச் சாலையிலே நிபுணர் கையில் ஓடுவது வேறு. சாதாரண தொழிலாளி கையில் நாள்முழுதும் ஓடுவது வேறு. வாங்கியவர்கள் முறையிட்டனர். ஆக்கவுரிமை தமக்கே உரியதென எமில் கப்பிற்றேன் என்பவர் வழக்காடினார். டீசலின் உரிமை நிலைத்ததேனும் உடலும் உள்ளமும் தளர்ந்தன. 1898இன் பிற்பகுதியில் நரம்புத் தளர்ச்சிக்காக வைத்தியசாலையிலே தங்க நேர்ந்தது.

இங்கேதான் அவருடைய கனவுக்கும் காரியத்துக்கும் வழி பிரிகின்றது. எண்ணெயை அவ்வளவு அமுக்கமுள்ள உருளைக்குள் செலுத்துவதற்கு, அதனினும் மிகுந்த அமுக்கமுள்ள காற்று வேண்டும். அதனைத் தர ஒரு காற்றமுக்கி வேண்டும். காற்றமுக்கி பாரமானது, விலை கூடியது, நுட்பமான பராமரிப்பை வேண்டுவது. இருபது பரிவலு தந்த 1897ஆம் ஆண்டு இயந்திரத்தின் நிறை நான்கு தொன்னுக்கு மேல். அதனைத் தச்சன் பட்டறையிலே எங்ஙனம் வைப்பது? இயந்திரம் பெரிதாகப் பெரிதாகவே அதன் சிக்கனம் நன்கு விளங்கிற்று. எனவே சிறியவனுக்காகப் பிறந்தது பெரியவன் வாசலை நாடிச் சென்றது.

முதலில் அது மின்னிலையங்களிலே குடியேறியது. 1904ஆம் ஆண்டளவிலே கீவ் நகரத்து வீதித் தண்டவாள வண்டிகளுக்கு மின்சாரம் தந்தவை டீசல் இயந்திரங்களே. கொதிகலம் கொதிக்கும்வரை காத்திராமல், வேண்டியபொழுது ஓட்டி வேண்டாதபொழுது நிறுத்தலாம் என்பது அதன் சிறப்பு. இன்றும் வைத்தியசாலைகளில் மின்சாரம் நின்றவுடன் உறுமி எழுவது பெரும்பாலும் டீசல் மின்பிறப்பாக்கியே.

அடுத்து நீரில் இறங்கிற்று. 1903இல் உருசியாவிலே வண்டால் என்னும் எண்ணெய்க் கப்பல் டீசலினால் ஓடியது. அதில் இயந்திரம் நேரே சுழல்விசிறியைச் சுற்றவில்லை, மின்பிறப்பாக்கியைச் சுழற்றியது, மின்சாரமே கப்பலைச் செலுத்தியது. இம்முறையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. 1912 பெப்ரவரியிலே கோப்பன்ஹேகனிலிருந்து செலாண்டியா என்னும் கப்பல் பாங்கொக் நோக்கிப் புறப்பட்டது. ஒவ்வொன்றும் 1,250 பரிவலுவுள்ள இரண்டு டீசல் இயந்திரங்கள் அதிலிருந்தன. வழக்கமான புகைபோக்கி இல்லை. வழியில் இலண்டன் துறையில் நின்றபோது, கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த சேர்ச்சில் நேரிற் சென்று பார்வையிட்டார். கப்பலின் அடித்தட்டிலே வெக்கையில் வெந்து கரியள்ளிப் போட்ட தொழிலாளரின் துன்பத்துக்கு முடிவுகட்டத் தொடங்கிய கப்பல் அது. நீர்மூழ்கிக் கப்பல்களும் டீசலை ஏற்றன. முதலாம் உலகப் போரிலே அவை செய்த அழிவைக் காண டீசல் உயிரோடில்லை.

தண்டவாளத்தில் மட்டும் அது எளிதில் ஏறவில்லை. சுல்சர் நிறுவனத்தோடும் அடோல்ப் குளோசெ என்னும் பொறியியலாளரோடும் சேர்ந்து டீசல் ஒரு புகையிரத இயந்திரத்தை அமைத்தார். ஏறத்தாழ ஆயிரம் பரிவலுவுடைய அது 1912இலும் 1913இலும் சோதிக்கப்பட்டது. டீசல் இயந்திரம் நின்ற நிலையில் இழுவை தராது. சுழலத் தொடங்கிய பின்னரே வலி பிறக்கும். சக்கரத்தோடு நேரே பிணைத்தபடியால், அழுத்திய காற்றைக் கொண்டு முதலில் உருட்ட வேண்டியதாயிற்று. முயற்சி கைகூடவில்லை. வண்டால் கப்பல் கையாண்ட முறையே பிற்காலத்தில் தண்டவாளத்துக்கும் விடையாயிற்று. இயந்திரம் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, மின்மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நமக்களித்து 1954 முதல் வந்துசேர்ந்த புகையிரத இயந்திரங்கள் அவ்வகையினவே. அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி அவை நம் தண்டவாளங்களில் ஓடின. 1956இல் தொடங்கி, 1990இல் நின்று, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த யாழ்தேவியை இழுப்பதும் டீசலே.

இயந்திரம் இவ்வாறு திசைதோறும் சென்றுகொண்டிருக்க, அதனை ஆக்கியவர் மனம் பழைய இடத்திலேயே நின்றது. 1903இல் டீசல் ஒரு நூல் வெளியிட்டார். பெயர் சொலிடாரிஸ்முஸ்; ஒன்றுபட்டு வாழும் நெறி என்று நாம் பொருள் கொள்ளலாம். தொழிலாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் மிகச் சிறுதொகையைப் பொதுநிதியிற் சேர்க்க வேண்டும். அந்நிதியைப் பிணையாகக் கொண்டு தமக்கே உரிய தொழிற்சாலைகளை அமைக்க வேண்டும். தேனீக்கள் கூடி உழைத்துத் தாமே உண்ணுங் கூடு போன்றன அவை. சிக்கனக் கடனுதவிச் சங்கங்களோடு வளர்ந்த நம்மவர்க்கு இக்கருத்து அந்நியமன்று. பத்தாயிரம் பிரதிகள் அச்சிட்டார். விலைப்பட்டவை சில நூறே. இயந்திரத்தைக் கண்டது நல்லதுதான். ஆனால் சமுதாயத்தின் சிக்கலைத் தீர்க்க வழி கண்டதே தம் தலையாய செயல் என்று அவர் கருதியதாக மைந்தர் வாயிலாக அறிகின்றோம். உலகம் அவரிடமிருந்து ஒன்றை வாங்கிற்று. அவர் விரும்பிக் கொடுத்த மற்றொன்றைத் திறந்தும் பார்க்கவில்லை.

எண்ணெயைப் பற்றியும் அவர் எண்ணம் தனித்தது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே ஒரு சிறு டீசல் இயந்திரம் கச்சான் எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ஆபிரிக்கக் குடியேற்றங்கள் தத்தம் நிலத்தில் விளைவதைக் கொண்டே வலுவைப் பெறவேண்டுமென்று பிரெஞ்சு அரசு விரும்பியமையே அதற்குக் காரணம். பின்னாளில் டீசல் தாமும் அவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். தாவர எண்ணெய்கள் இன்று அற்பமாகத் தோன்றினும் ஒருகாலத்தில் நிலத்தெண்ணெய்க்கு நிகராக மதிக்கப்படலாம் என்று 1912இல் எடுத்துரைத்தார். 2022ஆம் ஆண்டிலே நம் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அக்கருத்தை நான் பலமுறை நினைத்ததுண்டு.

டீசல் பொருளைப் பெருக்கத் தெரிந்தவரல்லர். மியூனிக் நகரிலே மாளிகை கட்டினார். எண்ணெய்க் கிணறுகளிலும் காணிகளிலும் முதலிட்டு இழந்தார். வெளியே செல்வராகவும் உள்ளே கடனாளியாகவும் வாழ்ந்தார். அறிஞர் உலகமும் அவரை அமைதியாயிருக்க விடவில்லை. அவர் 1893இல் எழுதிய கொள்கை வேறு, ஓடுகின்ற இயந்திரம் வேறு என்று பேராசிரியர் சிலர் வாதித்தனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. வெப்பநிலை மாறாமல் எரியச் செய்வதென்பது தொடக்கத்துக் கொள்கை. நடைமுறையில் அது இயலவில்லை. ஆயினும், கொள்கையைப் பரிசோதனை திருத்த இடங்கொடுத்து, திருத்தந்தோறும் மீண்டும் முயன்றவர் அவரே. 1912 நவம்பரிலே பேர்லினில் கப்பற் பொறியியலாளர் முன் தம் இயந்திரத்தின் வரலாற்றைச் சொல்லுகையில், கண்டுபிடிப்பு என்பது எண்ணம் மாத்திரமன்று, எண்ணத்தை நிறைவேற்றுவதே என்று அவர் நிலைநாட்ட முயன்றார். செய்யுளுக்குப் பொருள் தோன்றிவிட்டால் மாத்திரம் ஒருவன் புலவனாகான். சொல்லாக்கி அடியாக்கி முடித்தவனே புலவன். இவ்வழக்கில் நான் டீசல் பக்கமே நிற்பேன்.

1913 செப்தெம்பர் 29ஆந் திகதி மாலை, இங்கிலாந்திலே புதிய தொழிற்சாலை தொடர்பான அலுவலுக்காக, பெல்ஜிய நாட்டு அன்ற்வேர்ப் துறையிலிருந்து டிறெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். நண்பர் இருவரோடு இராப்போசனம் அருந்தினார். காலை ஆறேகால் மணிக்கு எழுப்புமாறு சொல்லிவிட்டுப் பத்து மணியளவில் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாயிருந்தது. படுக்கையில் யாரும் படுத்திருக்கவில்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் பின்தளத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. சில நாட்களின் பின் டச்சுப் படகொன்று கடலிலே ஓர் உடலைக் கண்டது. உடைமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டனர். மாத்திரைப் பெட்டியையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பேனாக்கத்தியையும் பார்த்து, அவை தந்தையாருடையவை என மைந்தர் ஒயிகன் அடையாளங் கண்டார். புறப்படுமுன் மனைவியாரிடம் ஒரு பை கொடுத்து, ஒரு வாரஞ் சென்றபின் திறக்கும்படி சொல்லியிருந்தார். அதில் இருபதினாயிரம் மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் வெறுமையாயின என்பதைக் காட்டும் தாள்களும் இருந்தன. கொலையென்றும் சதியென்றும் எழுந்த கதைகள் பல. அவற்றுள் ஒன்றும் நிறுவப்படவில்லை. பையும் கணக்கும் சொல்லும் செய்தி, கடனும் அவமானமும் ஒருங்கே சூழ்ந்த ஒரு மனிதரின் செய்தியாகவே எனக்குப் படுகின்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

அவருக்குப்பின் இயந்திரம் இரு திசையிலும் வளர்ந்தது. பெரியது மேலும் பெரிதாயிற்று. 2006இல் எம்மா மேர்ஸ்க் என்னும் சரக்குக் கப்பலில் அமைக்கப்பட்ட டீசல் இயந்திரம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பரிவலு உடையது. அதன் வினைத்திறன் நூற்றுக்கு ஐம்பதை எட்டியது. சிறியதும் இறுதியிற் பிறந்தது. ஜேர்மனியிலே றொபேட் பொஷ் நிறுவனம் 1927 முதல் எண்ணெயை நேரே செலுத்தும் சிறு பம்புகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. அதனால் பாரமான காற்றமுக்கிக்கு வேலையில்லாது போயிற்று. யப்பானிலே ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்த யமஓகா மகோகிச்சி, வயலில் உழைப்போரின் பாரத்தைக் குறைக்கும் பொருட்டு, 1933இல் கைக்கடக்கமான டீசல் இயந்திரமொன்றைச் செய்து முடித்தார். யன்மார் என்னும் பெயரோடு நம் கரையோரத்துக்கு வந்தவை அவர் மரபின் இயந்திரங்களே. தாம் காணாத டீசலுக்கு நன்றிக்கடனாக, 1957இல் அவுக்ஸ்புர்க் பூங்காவிலே கற்களாலான நினைவுத் தோட்டமொன்றை யமஓகா அமைப்பித்தார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. டீசற் புகை புற்றுநோய்க்குக் காரணமாவது என 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. சுன்னாகத்து அனல் மின்னிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் அயற்கிணறுகளின் நீரைக் கெடுத்தது. அது குறித்து 2019இல் உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. கிணற்றையே தாயாகக் கொண்ட குடாநாட்டுக்கு இது சிறிய வடுவன்று. 1990களிலே டீசலும் மண்ணெண்ணெயும் தடைசெய்யப்பட்டிருந்தபோது, ஜாம்போத்தல் விளக்கில் பஞ்சுத்திரி கொளுத்திப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எண்ணெய் இல்லாமையின் துன்பத்தையும் எண்ணெயால் வந்த துன்பத்தையும் ஒரே ஊர் கண்டது. இயந்திரத்துக்கு அறமில்லை, அதனை வைத்திருப்பவனுக்கே அறம் வேண்டும். டீசல் தம் சொலிடாரிஸ்முஸ் நூலிலே தேடியதும், இயந்திரம் யார் கையில் இருக்க வேண்டும் என்னும் வினாவுக்கான விடையையே அன்றோ?

அவ்வினாவுக்கு அவர் விரும்பிய விடை உலகில் எங்கணும் கிடைக்கவில்லையென்று கூறிவிட முடியாது. விடியுமுன் மயிலிட்டித் துறையிலே தன் படகின் டீசல் இயந்திரத்தைத் தானே முடுக்கிக் கடலுக்குப் போகும் தொழிலாளி, கடன்பட்டு வாங்கினும், அவ்வியந்திரத்துக்குத் தானே உடையவன். பிடித்த மீனுக்கும் தானே உடையவன். பாரிஸிலே தோற்பட்டறையின் மூலையிலிருந்து பொறிகளைப் படம் வரைந்த சிறுவன், தன் இயந்திரத்தை ஒப்படைக்க நினைத்தது இப்படியொருவன் கையிலேயே.